வீடு தேடிய நீலக் கதவு

உலகத்தில் வீட்டைக் கட்டிவிட்டுக் கதவுக்கு அலைந்தவர்கள் கோடிப்பேர் இருப்பார்கள். கதவை வைத்துக்கொண்டு அதற்கொரு வீடு தேடி அலைந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கதவர். இதை மறுத்து யாராவது கடிதம் எழுதினால் நான் பதில் போடமாட்டேன். மற்ற விஷயங்களில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. நிவாரணம் கொடுப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பக்கத்தில் நிற்கிறவர் "கதவர், உங்களைத்தான்" என்றால்தான் "ஓம்" என்று எழும்புவார். யாழ்ப்பாணத்தின் வடகரையில், மயிலிட்டித் துறைமுகத்தில் மீனை ஏலம் கூறி விற்றவர். கரையில் நின்று அவர் விலை கூறினால் கடலில் நிற்கிற வள்ளங்களுக்கு அன்றைய விலை தெரிந்துவிடும் என்பார்கள். நான் அதே துறைமுகத்தில் மீன்பிடிச் சங்கத்துக் கிளாக்கர். அந்தக் குரலால் என் வலதுகாது இன்றைக்கும் கொஞ்சம் மந்தம்.

கதவு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். எண்பதுகளில் வசதியில்லாதவர்களுக்கு வீடு கட்டக் கடன் தருகிற அரசாங்கத் திட்டம் ஒன்று எங்கள் பக்கத்துக்கும் வந்தது. கடனை ஒன்றாகத் தரமாட்டார்கள். அத்திவாரம் போட்டால் ஒருவர் வந்து பார்ப்பார். பார்த்தபிறகுதான் சுவருக்குக் காசு வரும். சுவரைப் பார்த்தால் கூரைக்கு வரும். ஒரு தடவை வந்தவர் மறுதடவை வருவதற்குள் கதவரின் மனைவி பாக்கியம் அக்கா அத்திவாரத்துக்கு நடுவில் வெண்டி நட்டு, காயும் பறித்துவிட்டார். கடைசிக் கட்டம் கதவும் யன்னலும். அதைப் பார்க்க வேண்டியவர் வரவே இல்லை. நாட்டில் சண்டை பெருத்துவிட்டது.

கதவர் காத்திருந்து பார்த்தார். பிறகு, பாறையில் அடிபட்டு உடைந்து கரையில் கிடந்த ஒரு வள்ளத்தின் பலகைகளை வாங்கி, தானே ஒரு கதவும் நிலையும் செய்தார். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ரைப் பூசி, விளிம்பில் சிவப்புக் கோடும் இழுத்தார். மழை பெய்தால் அந்தக் கதவில் கடல் மணக்கும். நாள் பார்த்து நிலை வைத்து, பால் காய்ச்சி, குடிபுகுந்து, அந்தப் பெயின்ர் மணம் போவதற்குள் தொண்ணூறாம் ஆண்டு வந்தது. ஷெல் விழத் தொடங்கியது.

சனம் நகையை எடுத்தது, காணி உறுதியை எடுத்தது, அரிசியை எடுத்தது. கதவர் இரும்பு அலவாங்கை எடுத்துக் கதவு நிலையை நெம்பிக் கிளப்பத் தொடங்கினார். பாக்கியம் அக்கா தெருவில் நின்று குழறியதை நான் என் காதால் கேட்டேன்.

"உங்களுக்கு விசரே? உயிரைக் காப்பாத்த ஓடிற நேரத்திலை கதவைக் கழட்டிறியள். வீடு முழுக்கக் கிடக்குது, அதை என்ன செய்யப்போறியள்?"

"வீட்டுக்குக் கடன் தந்ததும் கவுண்மேந்து, ஷெல் அடிக்கிறதும் கவுண்மேந்து. அது அவையள் பாடு. கதவு என்ரை."

இரண்டு சைக்கிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் உருட்டி, நடுவில் கதவைக் கிடத்தி, புருஷனும் பெண்சாதியும் கொக்குவில் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். வழியில் கண்டவர்கள் கதவில் யாரோ காயப்பட்டவரைக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்களாம். "அந்த மனுசன் என்னை விட்டிட்டு வந்தாலும் வந்திருக்கும், கதவை விட்டிட்டு வந்திராது" என்று பாக்கியம் அக்கா பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இழுப்பு வந்துவிடும். அவருக்கு முட்டு வருத்தம்.

கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களை விட்டார்கள். நான் முகாமுக்குச் செயலாளர். செயலாளர் என்றால் எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறவர் என்று அர்த்தம். மண்டபத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் சீலை கட்டி மறைத்திருந்தது. கதவர் மட்டும் தனக்குக் கிடைத்த மூலையில், இரண்டு தடியை முட்டுக்கொடுத்துக் கதவை நிலையோடு நிறுத்தினார். இரண்டு பக்கமும் சுவர் இல்லை, சீலையும் இல்லை. கதவு மட்டும்தான். அதைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பார். அவர் இருக்கிறது மண்டபம் முழுவதுக்கும் தெரியும்.

ஒருநாள் அந்தப் பகுதிக் கிராம அலுவலரான விதானையார் பெயர் பதிய வந்து, கதவைச் சுற்றிக்கொண்டு பக்கத்தால் உள்ளே போய்விட்டார்.

"விதானையார், உதென்ன, வழியில்லாத வழியாலை வாறியள்? நான் உடுப்பு மாத்திக்கொண்டு நிண்டிருந்தா?"

"நீர் சும்மா குந்திக்கொண்டிருக்கிறது தெரியுது காணும்."

"கதவு பூட்டியிருக்கேக்கை அது தெரியக்கூடாது."

விதானையார் திரும்பிப் போய், கதவைத் தட்டி, திறந்தபிறகு உள்ளே வந்து பெயர் பதிந்தார். என்னைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்தார். நான் என்ன செய்ய?

பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கப்போகிறது, மண்டபத்தை விட்டு எழும்புங்கள் என்றார்கள். அப்போதுதான் ஸ்ரேசன் மாஸ்டர் வந்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அவருக்கு மதில் கட்டிய பெரிய வளவு. அதற்குப் பின்னால் வேலியில்லாமல் ஒரு தென்னங்காணி சும்மா கிடந்தது. பென்சன் எடுத்த மனுசன். ரயிலும் நின்றுபோயிருந்தது. ஆனாலும் ரயில் வருகிற நேரத்துக்கு வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, குடையோடும் பிளாஸ்க்கோடும் வாசலுக்கு வந்து தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சிக்னல் விழாமல் ஒரு ரயிலையும் உள்ளே விட்டதில்லை என்பது அவருடைய வாழ்க்கையின் பெருமை. காணியில் கொட்டில் போடலாம் என்று எங்களுக்குச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"நிலை வைக்கப்படாது. தென்னோலைக் கிடுகு சாத்தினால் கொட்டில். நிலை வைச்சால் வீடு. நான் கொட்டிலுக்குத்தான் இடம் தாறன்."

அவரில் பிழை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் நாள் பார்த்து நிலை வைத்தவனை அந்த இடத்தை விட்டு எழுப்புவது கோயில் மூர்த்தியை எழுப்புகிற மாதிரி. அதற்குப் பிறகு அந்த நிலம் யாருடையது என்று வழக்குப் பேசக் கோட்டுக்குத்தான் போகவேண்டும். அவர் பயந்தது நியாயம்.

சுற்றவர இருந்த வளவுக்காரரும் கூடாத சனமில்லை. நாங்கள் வந்த அன்றைக்கே வாளிவாளியாகக் கஞ்சி தந்தார்கள், மதிலுக்கு மேலால். பிறகு அந்த மதிலில் இன்னொரு வரி கல்லும் வைத்தார்கள். கடற்கரைச் சனம், மீன் மணம், சத்தம், கிணற்றடி என்று அவர்களுக்குள் கதைத்தது எங்களுக்கும் கேட்டது. மதில் உயர்ந்தாலும் கதை மேலால் வரும்தானே. ஸ்ரேசன் மாஸ்டர் அவ்வளவு மோசமில்லை. காணியைச் சுற்றிப் பார்க்க வருவார், சுகம் விசாரிப்பார். எங்களில் யாராவது தேத்தண்ணி தந்தால் மட்டும் "வேண்டாம், வேண்டாம்" என்று தன்னுடைய பிளாஸ்க்கைத் திறப்பார். ஏனென்று நாங்கள் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை.

கொட்டிலுக்குத் தடியும் கிடுகும் தந்தது ஒரு தொண்டு நிறுவனம். அதன் அலுவலர் மெலிந்த ஒரு பெடியன். காதில் எப்போதும் பென்சில் இருக்கும், ஆகவே அவருக்குப் பெயர் பென்சில் தம்பி. அவரைக் கதவர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கதவு?"

"தற்காலிகக் கொட்டிலுக்குக் கதவு எங்கடை திட்டத்திலை இல்லை அண்ணை."

"வாசல் இருக்கோ?"

"வாசல் இருக்கு."

"அதுக்கு என்ன செலவு?"

"அதுக்கென்ன செலவு? வாசல் சும்மா ஓட்டைதானே."

"அப்ப ஓட்டையைச் சும்மா தருவியள், அடைக்கிறதுக்குத் தரமாட்டியள்."

பென்சில் தம்பி இதை மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரோ தெரியாது. வாசல்களில் நாங்கள் சாக்குத் தொங்கவிட்டோம்.

நிலையை நிலத்தில் நட்டு வைக்கக்கூடாது என்பதுதானே நிபந்தனை. கதவர் நடவில்லை. தடி முட்டுக்கொடுத்து நிறுத்தினார். காணிக்குள் வருகிற ஒற்றையடிப் பாதையின் முகப்பில், இரண்டு தென்னைகளுக்கு நடுவில், அந்த நீலக் கதவு தனியே நின்றது.

மார்கழிப் பனியில் விடிய எழும்பிப் பார்த்தால் மரங்கள் தெரியாது, கொட்டில்கள் தெரியாது, கதவு மட்டும் நீலமாகத் தெரியும். பனிக்குள் அதற்குப் பின்னால் ஒரு முழு வீடே இருக்கிறதுபோலக் கிடக்கும். எனக்குக் கனவு காண்கிற பழக்கம் இல்லை. ஆனாலும் ஒருநாள் பல்லுத் தீட்டிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். கதவர் திறந்தார்.

"அண்ணை, இதுக்குள்ளை என்ன இருக்கு?"

"முன்விறாந்தை. செருப்பைக் கழட்டிப்போட்டு வா."

எனக்குக் கோபம் வந்தது. பனி ஈரத்தில் யார் செருப்பைக் கழற்றுவது? கழற்றினேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் புல்லுக்குள் வீடு காட்டினார். இது சாமியறை, தலை முட்டும் குனி. இது குசினி. இது வடக்குப் பக்க யன்னல், கடல் தெரியும். நான் வடக்கே பார்த்தேன். பனிதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பனி மெல்ல மெல்ல அசைந்தது, அலை வந்து போகிறமாதிரி. "யன்னலைச் சாத்து, குளிர் அடிக்குது. அக்காவுக்கு முட்டு வரும்" என்றார். நான் கையை நீட்டிச் சாத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் குளிர் குறைந்தது.

ஆனால் அந்தக் கதவு ஒரு இடத்தில் நின்றதில்லை. ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் சாக்கு மறைப்புக்குள் எப்படி விடுவது? கதவர் கேட்காமலே கதவைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கொட்டில் வாசலில் நிறுத்திவிடுவார். யாருக்காவது பிள்ளைப்பேறு என்றால் கதவு அங்கே போகும். காலையில் எழும்பினால் முதல் கேள்வி "கதவு இண்டைக்கு ஆரின்ரை வீட்டிலை?" என்பதுதான். கதவு நிற்கிற கொட்டில் அன்றைக்கு வீடு. மற்றவர்கள் தட்டிவிட்டுத்தான் போவார்கள்.

பெண் பார்க்க வந்தாலும் கதவு போகும். ஒரே மாதத்தில் இரண்டு கொட்டில்களுக்கு இரண்டு மாப்பிள்ளை வீட்டார். தரகர் ஒருவர்தான். இரண்டாம் தடவை வந்தபோது அவர் கதவைத் தடவிப் பார்த்தார்.

"உந்தக் கதவை நான் எங்கையோ கண்டனான்."

"மயிலிட்டியிலை ஒரே தச்சன்தான் எல்லாருக்கும் செய்தது" என்றார் கதவர்.

"சிவப்புக் கோடும் அவரே இழுத்தவர்?"

"ஓம். அவருக்கு வேறை கோடு தெரியாது."

இரண்டு கலியாணமும் சரிவந்தது.

இப்படியே மாரிகள் போயின. கிடுகு உக்கிப் போனது. மழை வெளியே நின்ற பிறகும் உள்ளே பெய்தது. ஈரத்தில் கிடந்து பாக்கியம் அக்காவின் முட்டு மோசமானது. இன்னொரு மாரிக்கு இந்தக் கொட்டிலில் வைத்திருந்தால் தன்னைக் கேட்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்லிவிட்டார். கதவர் அன்றைக்கு முழுக்க ஒரு கதையும் கதைக்கவில்லை. அவருடைய குரல் கேட்காத அந்த ஒரு நாளில் காணி முழுவதும் ஏதோ செத்தவீடுபோலக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துப் பென்சில் தம்பி ஓடிவந்தார். நிறுவனம் கல் தரும், சீமெந்து தரும், தகரம் தரும். எல்லோருக்கும் ஒரு அறையும் குசினியுமாகக் கல்வீடு. காணிக்காரர் மட்டும் பத்து வருஷத்துக்குச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து வைக்கவேண்டும். வளவுக்காரருக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. கூட்டமாகப் போய் மாஸ்டருக்குச் சொன்னார்கள்: கல் வைத்தால் போகமாட்டினம், உங்கடை பேரப்பிள்ளையளுக்குக் காணி இல்லை, எங்கடை வளவுகளுக்கும் மதிப்பில்லை. மாஸ்டர் வெள்ளிக்கிழமை தானே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியனுப்பினார்.

நான் கதவரிடம் போனேன்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை மட்டும் உந்தக் கதவைப் படுக்கப் போடுங்கோ. மாஸ்டர் நிலைக்குத்தான் பயப்பிடுறார். வாசலிலை நிலையோடை கதவைக் கண்டால் அப்பிடியே திரும்பிப் போயிடுவார்."

"வீட்டுக்கு ஆக்கள் வரேக்கை கதவைக் கழட்டி வைக்கிறதோ? எந்த ஊரிலையடா தம்பி அந்த வழக்கம்?"

"அக்காவை நினைச்சுப் பாருங்கோ."

"அவளை நினைச்சுத்தான் சொல்லுறன். இது வீடெண்டு அந்த மனுசனுக்குத் தெரியவேணும். தெரியாமல் கையெழுத்து வைச்சென்ன, வைக்காட்டி என்ன."

அந்த நேரத்தில் எனக்கு அவரைக் கிணற்றுக்குள் தள்ளினால் என்ன என்று தோன்றியது. வியாழக்கிழமை முழுவதும் அவர் கதவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிணைச்சலுக்கு நல்லெண்ணெய் விட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பாதையின் முகப்பில் நிறுத்தி, உட்பக்கமாகத் திறாங்கைப் போட்டுப் பூட்டிவிட்டு, பின்னால் ஒரு மீன்பெட்டியில் குந்தியிருந்தார்.

மாஸ்டர் வந்தார். வெள்ளைச் சேட், குடை, பிளாஸ்க். பென்சில் தம்பி கொஞ்சம் பின்னால். நாங்கள் எல்லோரும் கொட்டில்களுக்கு முன்னால் நின்றோம். மதிலுக்கு மேலே இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. மாஸ்டர் கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். இடப்பக்கம் வெளி, வலப்பக்கம் வெளி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பசுமாடு கதவுக்குப் பக்கத்தால் ஆடியாடி உள்ளே போனது. மாஸ்டர் இடப்பக்கம் ஒரு அடி வைத்தார். பிறகு அந்தக் காலைத் திரும்ப எடுத்தார். பூட்டியிருந்த கதவை அண்ணாந்து பார்த்தார்.

அவர் வேலைசெய்த காலமெல்லாம் சிக்னல் விழாமல் எதையும் உள்ளே விடாதவர். தான் மட்டும் எப்படி உள்ளே போவது? குடைப்பிடியால் மூன்று தட்டுத் தட்டினார்.

"ஆரது?"

விலை கூறுகிற குரல். தென்னையில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பிவிட்டன.

"நான்... ஸ்ரேசன் மாஸ்டர்."

"என்ன அலுவல்?"

காணிக்காரரைப் பார்த்து என்ன அலுவல் என்று கேட்கிறார், பாவி மனுசன். மாஸ்டர் சேட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"உள்ளை வரலாமோ?"

திறாங்கு இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவு சத்தமில்லாமல் திறந்தது, நல்லெண்ணெய் விட்டதல்லவா.

"வாங்கோ மாஸ்டர், வாங்கோ. இதென்ன கேள்வி? இருங்கோ."

மாஸ்டர் செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து மீன்பெட்டியில் இருந்தார். பாக்கியம் அக்கா மூச்சு இழுக்க இழுக்கத் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து நீட்டினார். மாஸ்டரின் கை பழக்கத்தில் பிளாஸ்க்குக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு பிளாஸ்க்கை எடுத்துக் காலுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துவிட்டு, தேத்தண்ணியை வாங்கினார். "வந்த வீட்டிலை பிளாஸ்க்கைத் திறக்கிறது வடிவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மதிலுக்கு மேலே இருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின.

தேத்தண்ணி முடிய, பென்சில் தம்பியைக் கூப்பிட்டு "எங்கை வைக்கிறது?" என்று கேட்டுக் கையெழுத்தைப் போட்டார். கதவரைப் பார்த்து, "நிலை வைக்கிறதுக்கு நல்ல நாளாப் பாரும். நானும் வாறன்" என்றார். வளவுக்காரர்கள் பிறகு அவரைப் பிடித்துக் கேட்டார்களாம். "கேட்டுப்போட்டு உள்ளை போன இடத்தை எப்பிடிக் கொட்டில் எண்டு சொல்லுறது?" என்று திருப்பிக் கேட்டாராம்.

வீடுகள் எழும்பின. திட்டத்தில் இருந்த வாசல் அளவுக்குக் கதவரின் கதவு பெரிது. பென்சில் தம்பி கதவை வெட்டச் சொன்னார். கதவர் வீட்டை வெட்டச் சொன்னார். வீடுதான் வெட்டுப்பட்டது. நிலை வைத்த அன்று மாஸ்டர் ஒரு கை பிடித்தார். அந்த மாரிக்குப் பாக்கியம் அக்காவுக்கு முட்டு அவ்வளவு வரவில்லை. ஆனால் கதவருக்குத்தான் சந்தோஷம் போதவில்லை. "சுவர் வந்தாப்பிறகு வீடு சின்னனாப் போச்சடா தம்பி. முந்தி யன்னலாலை கடல் தெரிஞ்சது" என்பார்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி, யாழ்ப்பாணமே ஊரை விட்டு எழும்பியது. இந்த முறை மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள், வெளியே இருந்தவர்கள் என்ற பேதம் இல்லை. எல்லோரும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நெருக்குப்பட்டுக்கொண்டு கிழக்கே தென்மராட்சிக்குப் போனோம். இந்த முறை அலவாங்கை எடுத்துக் கதவரின் கையில் கொடுத்தது பாக்கியம் அக்கா.

தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பில் ஒதுங்கினோம். மழை விட்டுத் தூறலாக நின்றபோது, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் மாஸ்டரையும் மனைவியையும் கண்டோம். ஒரு குடைக்குக் கீழே இரண்டுபேரும் சூட்கேசில் குந்தியிருந்தார்கள். பிளாஸ்க் நெருக்கத்தில் எங்கேயோ விழுந்துவிட்டதாம். வாழ்நாளில் வேறொருவருடைய காணியில் இருந்திராத மனுசன். எங்களைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

கதவர் பாக்கியம் அக்காவை ஒரு தரம் பார்த்தார். அவர் தலையாட்டினார். கதவர் தங்களுடைய இடத்தில் நிறுத்த வைத்திருந்த கதவைத் தூக்கிக்கொண்டு போய் மாஸ்டருக்கு முன்னால் நிறுத்தி, தடி முட்டுக்கொடுத்து, பூட்டினார். பிறகு சுற்றி இந்தப் பக்கம் வந்து, சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, மெல்லத் தட்டினார்.

திரும்பவும் தட்டினார்.

"ஆரது?" மாஸ்டரின் குரல் கேட்டது.

"நான்தான் மாஸ்டர், கதவர். உள்ளை வரலாமோ?"

நெடுநேரம் கழித்துத் திறாங்கு இழுபட்டது. "வாரும், கதவர். வந்து இரும்" என்றார் மாஸ்டர். கண் கலங்கியிருந்தது, ஆனால் முதுகை நிமிர்த்தி, வீட்டுக்காரராக நின்றார்.

கதவர் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. மழை ஈரத்தில் அந்தக் கதவு கடலாக மணத்தது. எனக்கு அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, என் முறை வரும்வரை வெளியே நின்றேன்.